விண்ணரசி கேட்டால் ஊரே நலம்

குத்தாலம் மாதா கோயிலில் மைக் மக்கர் செய்தால் யாரும் பதறுவதில்லை. ஞாயிறு வாசகம் வாசிப்பது விண்ணரசி. அவள் வாயைத் திறந்தால் கடைசி வரிசையில் கண்ணயர்ந்தவரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். குரல் ஆண்டவர் கொடுத்த வரம் என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

வார நாட்களில் அதே குரலோடு ஒரு மனநல கிளினிக்கில் நர்ஸ் வேலை. டாக்டர் அருள்ஜோதி இந்த வருடம் ஒரு ஒப்பீடு ஆரம்பித்திருந்தார். நோயாளி தன் மனநிலையைத் தானே சொல்லி மதிப்பெண் போடும் படிவங்கள் இரண்டு. ஒன்றை விண்ணரசி திரை மறைவில் வாசித்துக் கேட்டுக் குறிப்பாள். மற்றதை அதே நோயாளியே ஓரமாக உட்கார்ந்து டிக் அடிப்பார். மதிப்பெண் ஏற ஏற மனச்சோர்வு அதிகம் என்று அர்த்தம். நம்பகமானதை வைத்துக்கொண்டு மற்றதைக் கடாசிவிட வேண்டியதுதான்.

நாற்பது பேர் முடிந்ததும் பார்த்தால், மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். விண்ணரசி கேட்டதில் ஊரே ஆனந்தத்தில் மிதந்தது. டிக் அடித்த தாளிலோ ஊரே அழுதது.

“தனியா விட்டா ஜனங்க மிகைப்படுத்துறாங்க. நீங்க கேட்டதுதான் சரி,” என்றார் டாக்டர். விண்ணரசிக்கு உச்சி குளிர்ந்தது. “கமருன்னிஸாவுக்கு இதுல ரெண்டே மார்க். மாத்திரையைக் குறைச்சிடலாம்.”

ஜவுளிக்கடைக்காரர் மனைவி கமருன்னிஸா. அவருடைய இன்னொரு தாளில் இருபத்திரண்டு. பேனாவை அழுத்திய அழுத்தில் தாளே கிழிந்திருந்தது. மிகைப்படுத்துகிறவர் இப்படியா அழுத்துவார்? “ஒரு நிமிஷம் டாக்டர்,” என்று விண்ணரசி வெளியே வந்தாள். கமருன்னிஸா மருந்துச் சீட்டுக்காகக் காத்திருந்தார்.

“ஏன்க்கா, நான் கேட்டப்ப எல்லாத்துக்கும் இல்லைன்னீங்க. இதுல இப்படிப் போட்டிருக்கீங்களே?”

அதையும் கணீரென்றுதான் கேட்டாள். கமருன்னிஸா பதறிப்போய் அவளைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

“மெதுவா பேசுங்க சிஸ்டர்! அன்னிக்கு நீங்க ‘அழுகை வருதா’ன்னு கேட்டது திரையைத் தாண்டி மருந்து வாங்குற வரிசை வரைக்கும் கேட்டுச்சு. வரிசைல நின்னது யாரு? எம்மக ஹுமைராவைப் பொண்ணு பாத்துட்டுப் போன மாப்பிள்ளையோட அம்மா! நான் என்ன சொல்லுவேன்? அல்ஹம்துலில்லாஹ், நல்லாருக்கேன்னேன்.”

விண்ணரசிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பின்னாலேயே வெட்கமும் வந்தது. நாற்பது பேரையும் ஊரைக் கூட்டிக் கேட்டுவிட்டு, படிவத்தையல்லவா எடை போட்டுக்கொண்டிருந்தார்கள்!

தாளைப் பிரித்து, முடிந்த மட்டும் குரலை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

“போன ரெண்டு வாரத்துல அழுகை வந்துச்சா அக்கா?”

கமருன்னிஸா சுற்றுமுற்றும் பார்த்தார். ஒருவரும் இல்லை.

“தினமும்,” என்றார். சொல்லி முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது.

விண்ணரசி தாளை மடித்து வைத்தாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு உள்ளே போனாள்.

“கமருன்னிஸா அக்காவோட மாத்திரையைத் தொடாதீங்க டாக்டர். தப்பு நான் கேட்ட விதத்துல. நாப்பது பேரையும் திரும்பக் கூப்பிடுங்க. அதுல இன்னும் எத்தனை பேர் தினமும் அழுறாங்களோ!”