காயில்காரரின் வலது கை

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். நாற்பது வருஷம் கருகிய மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிச் சொந்தக் கடை போட்டவர். ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எங்கே கருகியிருக்கிறது என்று சொல்லிவிடுபவர். படித்த இன்ஜினியர்களே அவர் கடை வாசலில் காத்துக் கிடந்ததுண்டு. அப்பேர்ப்பட்ட காயில்காரரின் வலது கை, பக்கவாதம் வந்த ஐந்தாம் மாதத்தில், ஒரு எந்திரக் கையோடு பட்டை போட்டுக் கட்டிக் கிடந்தது.

ஆஸ்பத்திரி இரவலாக வீட்டுக்குக் கொடுத்த எந்திரம். முழங்கையை நீட்டும், மடக்கும். அவர் எவ்வளவு தள்ளினார், மோட்டார் எவ்வளவு தள்ளியது என்று பார்த்து, அவர் பங்கைச் சதவீதமாகத் திரையில் காட்டும்; ஆஸ்பத்திரிக்கும் சொல்லிவிடும்.

"தினம் இருநூறு தடவை. குறைஞ்சா, காத்திருக்கிற அடுத்தவங்களுக்குக் கொடுத்துடுவாங்க" என்று தெரபிப் பெண் முதல் நாளே சொல்லியிருந்தாள்.

எண்பதைத் தாண்ட அவரால் முடியவில்லை. தோள் இற்று விழுவதுபோல் இருந்தது.

"போதும்டி, உயிர் போகுது."

"நீங்க படுங்க. மிச்சத்தை நான் போட்டுடறேன். மெஷினைத் தூக்கிட்டுப் போயிட்டா என்ன பண்றது?" என்று மனைவி பட்டையைத் தன் கையில் மாட்டிக்கொண்டாள். கடையில் கம்பி உருளைகளைத் தூக்கி உரமேறிய கை அவளுடையது.

அவர் படுத்தபடி காது கொடுத்தார். அவருக்கு முக்கி முனகிய மோட்டார் அவளிடம் பெட்டிப்பாம்பாய் அடங்கிக் கிடந்தது. கேட்கவே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் மறுநாளும் படுத்தார், அதற்கு மறுநாளும்.

வாய் மட்டும் ஓயவில்லை. பார்க்க வந்த மைத்துனனிடம், "எழுபது சதவீதம் என் பலம்டா. மெஷினே என்கிட்ட தொழில் கத்துக்குது" என்றார்.

"அப்புறம் ஏன் மாமா டம்ளரை இடது கையில பிடிக்கிறீங்க?"

"வலது கைக்கு லீவு விட்டிருக்கேன்."

அந்த நேரம் பார்த்துத் தெரபிப் பெண் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தாள். "ஐயா, பிரமாதம்! மூணு வாரத்துல பத்துல இருந்து எழுபது! இனி உங்களுக்கு மெஷின் தேவையில்லை. நாளைக்கு எடுத்துக்கறோம்."

மனைவியின் முகம் வெளுத்தது. "அது வந்தும்மா, நான்தான்..."

"நீ சும்மா இரு."

மெஷின் போனால் கை இப்படியே கிடக்கும். உண்மையைச் சொன்னால் மைத்துனன் முன்னால் மானம் போகும். யோசிக்கக்கூடத் தெம்பில்லை. வலது கையை இடது கையால் தூக்கிப் பட்டைக்குள் வைத்தார்.

"ஓட விடும்மா. நீயே பாரு."

மோட்டார் உறுமியது. திரையில் வந்த எண் பதினொன்று. மைத்துனன் சுவரைப் பார்த்தான்.

"அப்போ அந்த எழுபது?" என்றாள் தெரபிப் பெண்.

"எனக்கு எண்பது தடவைக்கு மேல முடியலை. மிச்சமெல்லாம் என் வீட்டுக்காரியோட கை. அவளுக்கு ஒரு குறையும் இல்லை, நீ எழுதிக்கலாம்."

தெரபிப் பெண் சிரிக்கவில்லை. திரையைத் தொட்டுக் காட்டினாள். "பதினொண்ணும் ஏத்தம்தான் ஐயா. மெஷின் இருக்கட்டும், நான் பேசிக்கறேன். முடிஞ்சது எண்பதுன்னா எண்பது போதும். ஆனா வேற கை வைக்கக் கூடாது."

அவள் போனாள். மைத்துனனும் செருப்பைத் தேடினான். மனைவி பட்டையை அவிழ்க்க வந்தாள்.

"விடு. இப்ப ஒண்ணுதான் ஆச்சு."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு கைகளையும் இறுகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மோட்டார் மறுபடி முனகியது.

"ரெண்டு" என்றாள்.