பச்சைத் துணிக்கு முன்னால் பத்து விரல்கள்

அந்தத் தெருவில் அவளைக் கர்ட்டன் அக்கா என்றால்தான் தெரியும். வீட்டின் முன்னறைதான் கடை. பதினேழு வருடமாக ஊரில் உள்ள ஜன்னல்களுக்கும் கதவுகளுக்கும் திரை தைத்துக்கொடுக்கிறாள். யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் அவள் கண் முதலில் ஜன்னலுக்குத்தான் போகும். "மடிப்பு ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம இருக்கே" என்று வாயைத் திறப்பதற்குள் எலக்ட்ரீஷியன் கணவர் மேஜைக்கடியில் காலை மிதித்துவிடுவார்.

அவளுக்கு எட்டு வயது இளைய தங்கை ஒருத்தி. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. தங்கை பள்ளியில் கற்றுக்கொண்டு வரும் ஒவ்வொரு சைகையையும் அன்று சாயங்காலமே உட்கார்ந்து கற்றுக்கொண்டவள் அக்கா. அப்பா அம்மாவுக்கு 'சாப்பிடு', 'தூங்கு', 'எங்கே போனாய்' என்று ஒரு கைப்பிடியளவு சைகைதான் வந்தது. அக்காவுக்கோ மணிக்கணக்காகச் சண்டை போடும் அளவுக்கு வந்தது. அதனால் தங்கை கையால் பேசியதையும் இங்கே வாயால் பேசியதைப் போலவே எழுதிக்கொண்டு போகலாம். அக்காவுக்கு அது அப்படித்தான் கேட்கும்.

தங்கைக்கு இப்போது முப்பத்திரண்டு. காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் ஓவிய ஆசிரியை. அக்கா வீட்டு மாடியறையில் இருக்கிறாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, தையல் மெஷின் மேலேயே போனை வைத்தாள். அதில் ஓர் அறிவியல் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் பெரிதாக ஓர் இதயம் துடித்தது. கீழே மூலையில், சின்னக் கட்டத்துக்குள் ஒரு பெண் அதைச் சைகையில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா கை எவ்வளவு பெருசா இருக்கு, சொல்லு."

அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். "கொட்டைப்பாக்கு அளவு இருக்கும்."

"அதான்! முப்பது பிள்ளைங்களும் மூலையையே முறைச்சுப் பாத்துட்டிருந்தாங்க. கையப் பாத்தா இதயம் போச்சு, இதயத்தப் பாத்தா கை போச்சு. ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியல."

"அதுக்கு நீ என்ன பண்ணப் போற?"

"நான் இதயத்துக்குள்ளயே போய் நிக்கப் போறேன்."

பிறகு விவரம் சொன்னாள். பின்னால் ஒரே மாதிரியான பச்சைத் துணியைக் கட்டி, அதன் முன்னால் நின்று படம் பிடிக்க வேண்டும். போனில் இருக்கும் ஒரு ஆப் பச்சையை மட்டும் அழித்துவிட்டு, நாம் கொடுக்கிற படத்தை அங்கே வைக்கும். இதயத்தின் உட்புறத்தைத் தங்கை ஏற்கெனவே வரைந்து வைத்திருந்தாள். நான்கு அறைகள், நடுவில் கதவுகள், இளஞ்சிவப்பில் சுவர்கள். துணிதான் பாக்கி.

அக்காவுக்குக் கை பரபரவென்று வந்தது. "இத்தன வருஷத்துல, நீ தைக்கிறது யார் கண்ணுக்கும் தெரியக்கூடாதுன்னு சொன்ன முதல் ஆளு நீதான்டி. துணிய என்கிட்ட விடு."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஏதோ ஒரு கல்யாண மண்டபத்துக்குத் தைத்தது போக மிஞ்சிய பச்சை சாட்டின் துணியைச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள் அக்கா. "நான் நிக்கிறேன், நீ பிடி" என்று முன்னால் போய்க் கம்பீரமாக நின்றாள். படம் பிடித்த தங்கை போனைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா எட்டிப் பார்த்தாள். இதயத்துக்குள் ஒரு தலை மிதந்தது. இடப்பக்கம் ஒரு முழங்கை, வலப்பக்கம் ஒரு முழங்கை. நடுவில் ஆளைக் காணோம். அவள் போட்டிருந்தது கிளிப்பச்சை நைட்டி.

"இந்த வயசுல எனக்கு இடுப்பே இல்லாம போயிடுச்சுங்க, வந்து பாருங்க!" என்று கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

நைட்டியை மாற்றிக்கொண்டு வந்து நின்றால் வேறொரு தொல்லை. சாட்டின் பளபளத்த இடங்களெல்லாம் அழியாமல் வெள்ளை வெள்ளையாய்க் கோடு கோடாக நின்றன. மாட்டியதில் விழுந்த சுருக்கமும் அப்படியே தெரிந்தது. பளபளப்பே ஆகாது என்பது அக்காவுக்கு அந்தக் கணமே பிடிபட்டுவிட்டது.

திங்கட்கிழமை துணிக்கடைக்குப் போய்ப் பச்சைத் துணிகளை ஒவ்வொன்றாக வாசலுக்கு எடுத்துவந்து, வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். கடைசியில் கொஞ்சமும் மினுக்காத கனத்த பாப்ளின் ஒன்று கிடைத்தது.

"எந்த ஜன்னலுக்குக்கா இவ்வளவு பச்சை?" என்றார் கடைக்காரர்.

"ஜன்னலுக்கு இல்ல, இதயத்துக்கு" என்றாள். அவர் அளவுகோலை எடுத்துத் துணியை அளக்க ஆரம்பித்தார்.

அந்த வாரம் முழுக்க வாடிக்கையாளர்களின் திரைகளை முடித்த கையோடு இதில்தான் உட்கார்ந்தாள். இரண்டு அகலத் துணியை இணைத்தாக வேண்டும். இணைத்த இடம் புடைத்தால் நிழல் விழும் என்று தையலோரத் துணியைப் பின்பக்கம் இருபுறமும் விரித்து, நீராவி இஸ்திரி போட்டுத் தகடாகப் படிய வைத்தாள். கணவர் பி.வி.சி. குழாயை அறுத்து, எட்டடிக்கு ஒன்பதடி சட்டம் ஒன்று செய்துகொடுத்தார். துணியை அதைவிட இரண்டு விரற்கடை குறைத்துத் தைத்தாள். சுற்றிலும் எலாஸ்டிக் கண்ணி வைத்துச் சட்டத்தில் இழுத்து மாட்டினாள். ஒரு சுருக்கம் இல்லை. தங்கை அதில் உள்ளங்கையை வைத்துத் தடவினாள். தடவிவிட்டு அக்காவின் கன்னத்தில் ஒன்று கிள்ளினாள்.

இரண்டாம் ஞாயிறு காலை எல்லோரும் குளித்துத் தயாராகிவிட்டார்கள். தங்கை கறுப்புச் சட்டை. கணவர் துணிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று டியூப் லைட்டை நிறுத்தினார். படம் பிடித்தார்கள். போனில் பச்சை முழுசாக மறைந்து, இதயம் வந்தது. மூவரும் ஒரே சமயத்தில் மூச்சை இழுத்தார்கள். தங்கை அசல் இதயத்துக்குள் நிற்கிறாள்!

ஆனால் அவள் பேச ஆரம்பித்ததும் விரல்கள் காணாமல் போயின. இதயத்தின் கதவு திறந்து மூடுவதை இரு கைகளாலும் அவள் படபடவென்று காட்ட, படத்தில் மணிக்கட்டுக்கு மேலே புகை மாதிரி ஏதோ அலைந்தது. அவ்வளவுதான். துணிக்கு நெருங்கி நின்றதில் முழங்கை ஓரமும் பச்சையடித்துக் கரைந்திருந்தது.

தங்கையின் முகம் சுருங்கிவிட்டது. "விரலே இல்லாம நான் எப்படிப் பேசுறது?"

"கொஞ்சம் மெதுவா பேசச் சொல்லேன்" என்றார் கணவர்.

அக்கா அதைச் சைகையில் சொன்னதும் தங்கை அவர் பக்கம் திரும்பினாள். அவள் கை வெட்டியது. அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தாள்: "மாமா, நீங்க ஒவ்வொரு எழுத்தா இழுத்து இழுத்துப் பேசுங்க, யாராவது உக்காந்து கேக்கறாங்களான்னு பாப்போம்னு சொல்றா."

"கேமராவுக்கு வெளிச்சம் பத்தல" என்று அவர் தலையைச் சொறிந்தார். "வெளிச்சம் கொறஞ்சா அது கண்ண ரொம்ப நேரம் திறந்து வச்சிருக்கும். அதுக்குள்ள விரல் நகர்ந்து இழுபட்டுப் போகுது. இரு, இன்னும் நாலு லைட்டு போடறேன்."

போட்டார். தங்கைக்குப் பின்னால் ஆறு நிழல்கள் விழுந்தன. ஏழாவதாக இன்னொன்றைச் செருகினார் பாருங்கள், பட்டென்று வீடே அணைந்தது. அவர் மெயின் பெட்டியைப் பார்க்க ஓடினார். "எலக்ட்ரீஷியன் வீட்டுலயே இந்தக் கூத்தா!" என்று அக்கா பின்னாலேயே போனாள். இந்தக் களேபரம் எதுவும் காதில் விழாத தங்கை, கிழக்கு ஜன்னல் பக்கம் நகர்ந்து, வந்த வெயிலில் நின்று தன் பாடத்தை மறுபடி சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்த அக்கா, மேஜையில் சாய்த்து வைத்துவிட்டு ஓடிய போனை எடுத்தாள். அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. என்ன பதிந்திருக்கிறதென்று பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஜன்னல் பக்கமிருந்த கையின் ஐந்து விரலும் நகம் வரைக்கும் தனித்தனியாகத் தெரிந்தன. அத்தனை வேகத்திலும்!

"பல்பும் வேணாம், ஒண்ணும் வேணாம்! ஜன்னல்! ஜன்னல்தாங்க!"

வெயில் நேராக அடித்ததில் முகத்தில் பாதி பளிச், பாதி இருட்டு. துணியிலும் ஜன்னல் கம்பியின் நிழல். ஆனால் இதற்குப் பரிகாரம் யாரிடமும் கேட்க வேண்டிய நிலையில் அவள் இல்லை. சாப்பாட்டு மேஜைக்குக் கண்கூசாமல் வெளிச்சம் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அவள் எத்தனை ஜன்னல் முடித்துக் கொடுத்திருக்கிறாள்! அலமாரியிலிருந்து மெல்லிய வெள்ளைத் துணிக் கட்டு ஒன்றை இறக்கினாள். இரண்டு ஜன்னலுக்கும் இரட்டையாக மடித்து மாட்டினாள். அறைக்குள் வெயில் பால்போல் பரவியது. இருட்டான பக்கத்தில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டி வெளிச்சத்தைத் திருப்பிவிட்டாள். வெளிச்சம் எங்கும் ஒரே மாதிரி விழுகிறதா என்று தெரிந்துகொள்ள, பச்சைத் துணியைக் கறுப்பு வெள்ளையில் ஒரு போட்டோ எடுத்துப் பார்த்தார்கள். கீழ் மூலை மட்டும் கறுத்திருந்தது. அங்கே தரையில் இன்னொரு வெள்ளை விரிப்பு. மறுபடி போட்டோ. இப்போது துணி முழுக்க ஒரே சாம்பல் நிறம். தங்கையை நாலடி முன்னால் நகர்த்தி நிறுத்தினாள்.

"மணி பத்தேகால். பதினொண்ணுக்கெல்லாம் வெயில் மேல போயிடும். சீக்கிரம்!"

முதல் தடவை நடுவில் மேகம் வந்து கெடுத்தது. இரண்டாம் தடவை, திரை தைக்கக் கொடுத்திருந்த ஒரு மாமி கதவைத் திறந்துகொண்டு நேராக இதயத்துக்குள் நடந்து வந்துவிட்டார். மூன்றாம் தடவை தங்கை ஆரம்பித்தாள். அசுத்த ரத்தம் வருவது, கதவு திறப்பது, அறை சுருங்குவது, ரத்தம் பீறிட்டுப் போவது என்று ஒன்றுவிடாமல் சொல்லி, கடைசியில் நெஞ்சில் கையை வைத்து நிறுத்தினாள். அக்கா போன் நடுங்காமலிருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். போட்டுப் பார்த்தார்கள். பத்து விரலும் இருந்தன. தங்கை அக்காவைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றியதில் துணிக் கட்டுகள் சரிந்தன. அதை யார் கவனித்தார்கள்!

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் போட்டுக் காட்டினார்கள். அக்காவும் போயிருந்தாள். நல்ல சேலை கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். சுவரளவு இதயம். அதன் நடுவில், ஆள் உயரத்துக்கு அவர்களுடைய டீச்சர். முப்பது பிள்ளைகளின் கண்ணும் அங்கே இங்கே போகவில்லை. கதவு திறந்து மூடும் இடம் வந்ததும் முதல் வரிசையில் ஒரு பெண் தன் கையால் அதைச் செய்து பார்த்தாள். பக்கத்துப் பையன் செய்தான். கொஞ்ச நேரத்தில் ஹால் முழுக்கக் கைகள் திறந்து திறந்து மூடின. அந்தப் பெண் தன் நெஞ்சில் ஒரு கையையும் தோழியின் நெஞ்சில் ஒரு கையையும் வைத்து, ஏதோ கண்டுபிடித்துவிட்டவள் மாதிரி கண்ணை அகல விரித்தாள்.

படம் முடிந்ததும் அவளேதான் எழுந்தாள். "டீச்சர், உள்ள எப்படிப் போனீங்க?"

தங்கை கடைசி வரிசையைக் காட்டி, விரல்நுனியால் ஊசியில் நூல் கோப்பது போல் செய்தாள். சின்ன வயதிலிருந்து அக்காவுக்கு அவள் வைத்திருக்கும் பெயர் அது. முப்பது தலைகளும் திரும்பின. முப்பது ஜோடிக் கைகள் மேலே போய் விரல்களை விரித்து அசைந்தன. சத்தமில்லாத கைதட்டல். அக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் அவளும் இரண்டு கையையும் தூக்கி அவர்களுக்குத் திருப்பி ஆட்டினாள்.

"அடுத்து மேகத்துக்குள்ள போங்க!" என்றது ஒரு கை. "இல்ல, எறும்புப் புத்துக்குள்ள!" என்றது இன்னொன்று. தலைமை ஆசிரியை தன் பங்குக்கு ஒரு தாளை நீட்டினார். அதில் எட்டுப் பாடங்களின் தலைப்பு இருந்தது.

திரும்பும்போது ஸ்கூட்டரை அக்காதான் ஓட்டினாள். பின்னால் உட்கார்ந்த தங்கை, பக்கக் கண்ணாடியில் தெரியும்படி கையை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டே வந்தாள். எறும்புப் புற்று என்றால் தவழ வேண்டும், தரைக்கும் பச்சை வேண்டும், சுவரிலிருந்து தரைக்கு மடிப்பில்லாமல் வளைத்து இறக்க முடியுமா?

"கையை விட்டுட்டு உக்காராதடி, விழுந்து வைக்காத!" என்று கண்ணாடியைப் பார்த்து அக்கா கத்தினாள். கத்தி என்ன பயன்? பதில் சொல்ல அவளுக்கும் கை வேண்டுமே. வண்டியை ஓரம்கட்டி, ஸ்டாண்டு போட்டு இறங்கினாள்.

"மூலையில வளைச்சுத்தான் விடணும். இன்னும் ஒரு அகலம் துணி வேணும். அந்தப் பாப்ளின் தீர்ந்து போறதுக்குள்ள இப்பவே போய் வாங்கிடலாம், வா."

நடைபாதையில் போகிறவர்கள் விலகிப் போனார்கள். இரண்டு பெண்கள் தெருவோரத்தில் நின்று, நான்கு கைகளாலும் அவசர அவசரமாக ஓர் எறும்புப் புற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.