லாரிட்ஸ் செய்ய மறுத்த சத்தியம்

காட்டை அழித்து நார்ஸ்வுட் ஊரை உண்டாக்க முதல் மரத்தை வெட்டிச் சாய்த்த வருஷமே டென்மார்க்கிலிருந்து கப்பலேறி நியூஸிலாந்து வந்துவிட்டவள் தோர்த்தியா நிஸ்ஸன். அப்போது வயது இருபத்திரண்டு. 1893இல் நாற்பத்து மூன்று. ஆறு பசு, நான்கு பிள்ளைகள், கரிந்த அடிக்கட்டைகள் இன்னும் நிற்கும் நிலம், அதிகம் பேசாத கணவன் லாரிட்ஸ்.

அந்த வருஷ மழைக்காலத்தில், பெண்களுக்கு ஓட்டு கேட்கும் மனுவை எண்ணெய்த்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, முழங்கால் சேற்றில் வீடு வீடாக நடந்தாள். பக்கத்துப் பண்ணை குன்ஹில்ட் நார்வேக்காரி. வாசலை மறித்து நின்றாள்.

"ஓட்டு வந்தா பசு தானாவே கறந்துக்குமாடி?"

"கறந்துக்காது. ஆனா சாராயக்கடைய மூடச் சொல்லலாம். உன் வீட்டுக்காரன் பசு வர்றதுக்கு முன்னாடி வீடு வந்து சேருவான்."

"குடு அந்தப் பேனாவ."

இப்படி இருபத்தேழு பேர். முதல் கையெழுத்து தோர்த்தியாவுடையது.

செப்டம்பரில் சட்டம் வந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க, தபால் நிலையத்தில் வரிசையில் முதல் ஆளாக நின்றாள். பட்டியல் எழுதிக்கொண்டிருந்த பதிவாளர் டாரன்ட் தலையைத் தூக்கினார்.

"உங்க வீட்டுக்காரர் இந்த நாட்டுக் குடிமகனாப் பதிஞ்சுட்டாராம்மா?"

"இருபத்தோரு வருஷமா இங்கதான் மரம் வெட்டறார்."

"அது போதாதும்மா. இங்கிலாந்து ராணிக்கு விசுவாசமா இருப்பேன்னு நீதிபதி முன்னாடி சத்தியம் பண்ணணும். அவர் வெளிநாட்டுக்காரர்னா நீங்களும் வெளிநாட்டுக்காரிதான். சட்டம் அப்படி."

பின்னால் நின்றவர்கள் எல்லாம் அவள் சேற்றில் நடந்து சேர்த்தவர்கள். அவள் நகர்ந்து, புருஷன் எப்போதோ சத்தியம் பண்ணிவிட்ட குன்ஹில்டுக்கு வழிவிட்டாள்.

அன்று சாப்பாட்டு மேசையில் கேட்டாள். லாரிட்ஸ் சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக் காப்பியை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"முன்னாடி டென்மார்க் ராஜாவுக்குச் சத்தியம் பண்ணினேன். சண்டையில அவன் தோத்துட்டான். எங்க ஊரப் பிடிச்ச பிரஷ்யாக்காரன் வந்து, இப்ப எனக்குப் பண்ணுன்னான். அதுக்குத்தான் ஓடியே வந்தேன். இனிமே எந்தக் கொடிக்கும் கை தூக்கமாட்டேன்."

"நீ ஓடினே. நானும் உன் பின்னாடியே ஓடிவந்தேன். என்னை யார் கேட்டாங்க?"

அவன் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனான். அவள் மறுபடி கேட்கவில்லை. பெயர் சேர்க்கும் நாள் முடிந்து பட்டியலை மூடிவிட்டார்கள்.

நவம்பர் இருபத்தெட்டு, தேர்தல் நாள். பத்து மணிக் காப்பிக்குக் காட்டிலிருந்து வந்த லாரிட்ஸ் வாசலிலேயே நின்றுவிட்டான். வீட்டுக்குள் பன்னிரண்டு குழந்தைகள். அடுப்பில் காப்பிக்குப் பதில் கஞ்சி.

"என்ன இது, பள்ளிக்கூடமா?"

"இதுங்களோட அம்மாக்கள் ஓட்டுப் போடப் போயிருக்காங்க. ஊர்ல அந்த வேலை இல்லாதவ நான் ஒருத்திதானே, அதான் விட்டுட்டுப் போனாங்க."

அவன் விறகுப் பெட்டிமேல் உட்கார்ந்தான். சற்று நேரத்தில் பாதையில் பெண்களின் சிரிப்பு கேட்டது. எல்லாரும் நல்ல தொப்பி போட்டிருந்தார்கள். வேலிக்கதவருகே தோர்த்தியாவைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. ஆளாளுக்குத் தன் பிள்ளையின் மூக்கைத் துடைக்க ஆரம்பித்தார்கள்.

"ஏன்டி வாய மூடிட்டே? எப்படி இருந்தது, சொல்லு," என்றாள் தோர்த்தியா.

"ஒண்ணுமில்லடி," என்று குன்ஹில்ட் குரலைத் தாழ்த்தினாள். "வேண்டாதவன் பேர அடிச்சேன். மடிச்சுப் போட்டேன். அவ்வளவுதான்."

"உன் வாசல்ல நின்னு பேனா குடுத்தவ நான். மிச்சம் வைக்காம சொல்லு."

லாரிட்ஸ் கோடரியை எடுத்துக்கொண்டு, காப்பி குடிக்காமலே போய்விட்டான்.

கோடையில் வெட்டிப்போட்ட காட்டுக்குத் தீ வைத்து முடித்த வாரம், முகம் மழித்து, கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு எங்கோ கிளம்பினான். எங்கே என்று அவள் கேட்கவில்லை. சாயங்காலம் திரும்பி வந்து தொப்பியை ஆணியில் மாட்டினான்.

"சத்தியம் பண்ணிட்டேன். ராணி என்னைக் கண்டுக்கவே இல்ல."

அவள் காப்பியை வைத்தாள். சர்க்கரைக் கட்டி, இன்று இரண்டு.

அடுத்த தேர்தலுக்கு மூன்று வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று வண்டியை அவன்தான் ஓட்டினான். வாக்குச்சாவடி வாசலில் டாரன்ட் கூப்பிட்டார்.

"நீங்களும் உள்ள வாங்க, நிஸ்ஸன். பட்டியல்ல உங்க பேரும் இருக்கு."

"சத்தியம் பண்ணினதே அவளுக்காக. நான் குதிரையப் பாத்துக்கறேன்."

சாகும்வரை அவன் ஓட்டுப் போடவில்லை. அவள் ஒரு தேர்தலையும் விடவில்லை. அந்த முதல் முறை வெளியே வந்து வண்டியில் ஏறியதும் அவன் கேட்டான்.

"யாருக்குப் போட்டே?"

"அதெல்லாம் சொல்லக்கூடாது. சட்டம் அப்படி. வண்டிய எடு, பசுங்க கத்தும்."