இடது பக்கத்து ஃபுட்ரெஸ்ட்

மயிலாப்பூரில் ஜானுவை ஏமாற்ற இன்னும் ஒரு கடைக்காரன் பிறக்கவில்லை. காபிக்கொட்டை அரைக்கப் போனால், முன்னால் அரைத்தவருடைய தூள் மெஷினில் தங்கியிருக்கும் என்று நாலு தட்டு தட்டச் சொல்லிவிட்டுத்தான் தன் கொட்டையைக் கொடுப்பாள். பூக்காரி முழம் போட்ட பிறகு தன் கையாலும் ஒருமுறை போட்டுப் பார்ப்பாள். அவள் சந்தேகப்படாமல் விட்டுவைத்த ஒரே ஆள் கணவர் சுப்பராமன்தான். மோர் சாதத்துக்கு மாவடுவா நாரத்தங்காயா என்பதைக்கூட அவளைக் கேட்டு முடிவு செய்கிற மனிதரை என்னவென்று சந்தேகப்படுவது?

அந்த அப்பாவி மனிதர்தான் போன மாதம் முரண்டு பிடித்தார். அவர்கள் ஃபிளாட்டின் கார் நிறுத்துமிடத்தில், தார்ப்பாய் போர்த்திய பழைய பைக் ஒன்று மூலையில் கிடந்தது. இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் அசோசியேஷன்காரர்கள். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றாள் ஜானு.

"போடப்படாது. ஓட வைக்கப்போறேன்" என்றார் சுப்பராமன்.

அவள் கல்யாணமாகி வந்த அன்றே அது போர்த்தித்தான் கிடந்தது. இன்ஜின் இறுகிப்போச்சு என்று சொன்னார், அதோடு சரி. முட்டிவலிக்காரருக்கு இப்போது பைக் எதற்கு? ஜானுவுக்கு மூக்கில் வேர்த்தது.

ராயப்பேட்டையிலிருந்து ஜவஹர் என்கிற மெக்கானிக் வந்தான். பார்ட்ஸை மாற்றிவிடுவான் என்று ஜானு பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். டாங்க்கில் பெயர் உதிர்ந்து, என்ன வண்டி என்றே தெரியவில்லை. அவன் கிக்கரை உள்ளே அமுக்கி முன்பக்கம் மடக்கினான்.

"யெஸ்டிம்மா. இதுல கிக்கரே கியராவும் ஆவும், பாருங்க" என்றவன், பிளக்கைக் கழற்றிவிட்டு மெல்ல ஒரு உதை உதைத்தான். பிஸ்டன் வழுக்கிக்கொண்டு போய் வந்தது. "இறுகிப்பூச்சுன்னு யாரு சொன்னது? பெட்ரோல வடிச்சி, உள்ளாற ஆயில் வுட்டு பத்திரமா வெச்சிகீறாரு சாரு. நல்லா ஓடிக்கினு இருந்த வண்டிம்மா இது."

பிறகு பின்சக்கரத்தருகே குனிந்து சிரித்தான். "பின்னாடி ஃபுட்ரெஸ்ட்டுல வலது ரப்பரு புச்சு மாதிரி கீது. இடது ரப்பரு மழமழன்னு தேஞ்சிகீது. பொம்பளைங்க ஒரு பக்கமா குந்திக்கினு வந்தா இப்டித்தான் தேயும். சாரோட ரொம்ப சுத்திகீறீங்கம்மா!"

ஜானு அந்த வண்டியில் ஒருநாளும் ஏறியதில்லை. நேரே மாடிக்குப் போய்ச் சுப்பராமன் முன்னால் நின்றாள்.

"அந்த வண்டியில பின்னாடி உக்காந்தது யாரு?"

அவர் மழுப்பவில்லை. "ஜெயபாரதின்னு ஒருத்தி. அடையாறுல இருந்தா. எங்காத்துல ஒத்துக்கலை. அப்புறம் உன்னைப் பண்ணிண்டேன். அவ உக்காந்த எடத்துல உன்னை உக்கார வைக்கறது தப்புன்னு பட்டுது, நிறுத்திட்டேன். இரும்புக்குப் போடவும் மனசு வரலை."

"அதுக்கப்புறம் பாத்தேளா?"

"இல்லை ஜானு."

ஒரு சின்ன "இல்லை"யை நம்பிவிடுகிற ஆளா அவள்? அவர் குளிக்கும்போது போனைத் துழாவினாள். பழைய சிநேகிதர்களைக் கூப்பிட்டு நைசாகப் போட்டு வாங்கினாள். சாயங்கால நடைக்குப் பின்னாலேயே போய்ப் பார்த்தாள், பார்க் பெஞ்சில் தனியாகச் சுண்டல் தின்றுகொண்டிருந்தார். எதுவும் சிக்கவில்லை. சிக்காததே அவளுக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டி தடதடவென்று நீலப் புகை கக்கியது. "உக்கார்றியா?" என்று தயங்கிக் கேட்டார் சுப்பராமன். ஜானு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள்.

"எங்க போலாம்?"

"அவாத்துக்கு. வழி தெரியுமோல்லியோ? போங்கோ."

அவள் வைத்த பொறி அது. போய் வந்துகொண்டிருந்தவராக இருந்தால் தடுமாறாமல் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். அவர் பாலத்தைத் தாண்டி அடையாறுக்குள் நுழைந்தார். ஒரு தெருவில் திரும்பி, கடைசிவரை போய், திரும்பி வந்து, மறுபடியும் போனார். கடைசியில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் எதிரே நிறுத்தி இறங்கினார்.

"இங்க பச்சை கேட் போட்ட தனி வீடு ஒண்ணு இருந்துதே?" என்று வாட்ச்மேனைக் கேட்டார்.

"நான் வேலைக்கு வந்ததுலேர்ந்து இந்த பில்டிங்குதான் சார் கீது. வர்சக்கணக்கா ஆவுது."

ஜானுவுக்கு அப்பாடா என்றிருந்தது. வீடு இடிபட்டதுகூடத் தெரியாதவர், இத்தனை காலம் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க முடியாது. ஜெயபாரதியைப் பற்றிச் சொன்னதெல்லாம் நிஜம். கிளம்பலாம் என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் அவர் முகத்தைக் கவனித்தாள். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பால்கனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார், யாராவது எட்டிப் பார்த்துவிட மாட்டார்களா என்பதுபோல. அவள் பிறந்த வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வந்தபோதுகூட அவர் அப்படி ஒரு முகத்தோடு வாசலில் நின்றதில்லை.

அவர் பொய் சொல்லி மாட்டிக்கொண்டிருந்தால்கூடத் தேவலை என்று ஜானுவுக்கு இருந்தது.