பர்கத்துல்லாவின் பின்வரிசை

பர்கத்துல்லாவுக்குக் கருப்பையாவைப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். பிடிக்காமல் என்ன? முப்பது வருடச் சினேகிதம். பர்மாவில் தமிழர் வாலிபர் சங்கக் கால்பந்து அணியில் பக்கத்துப் பக்கத்தில் நின்று கோலைக் காத்தவர்கள். பெருநாளைக்கு இவர் வீட்டுப் பிரியாணி அங்கே போகும், தீபாவளிக்கு அங்கிருந்து முறுக்கு வரும். கருப்பையா நன்றாக இருக்கக் கூடாது என்று இவர் ஒருநாளும் நினைத்ததில்லை. தன்னைவிட நன்றாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் இருந்தான். நகரத்துக்கு வெளியே ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் தொழிற்சாலையில் சரக்கு ஏற்றும் ஆட்களுக்கெல்லாம் அவன்தான் மேற்பார்வை. ஐம்பதைத் தாண்டியும் தலை நிறைய முடி. பர்கத்துல்லாவுக்கு நகரத்துக் கடைத்தெருவில் கயிறும் தார்ப்பாயும் விற்கிற சின்னக் கடை. முடியைப் பற்றி விசாரிக்காமல் இருப்பது நல்லது. தேநீர்க் கடையில் பழைய ஆட்டங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் கருப்பையா எப்படிப் பாய்ந்தான், எப்படித் தலை கொடுத்தான் என்று வாய் ஓயாமல் சொல்வார்கள். கடைசியில் யாராவது ஒருவர் நாகரிகத்துக்காக இவர் பக்கம் திரும்பி, "நீங்களும் அந்த மேட்ச்ல இருந்தீங்கல்ல பாய்?" என்பார்.

கருப்பையாவிடம் இல்லாத ஒன்று இவரிடம் இருந்தது. சங்க அணிக்கு இவர்தான் பயிற்சியாளர். சம்பளம் கிடையாது. பந்துக்குக் காற்றடிப்பது முதல் வலை கட்டுவது வரை இவர் தலையில்தான். ஆனால் பையன்கள் இவரை 'சயா' என்று கூப்பிடுவார்கள். பர்மாக்காரர்கள் வாத்தியாரையும் டாக்டரையும் கூப்பிடுகிற மரியாதை அது. கருப்பையா மைதானத்துக்கு வந்தால் அவனுக்கு வெறும் 'ஊலே'தான், மாமா என்கிற மாதிரி. அந்த வித்தியாசத்தில் பர்கத்துல்லாவுக்கு இருந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல.

இந்த வருடம் அதற்கும் ஆபத்து வந்தது. பின்வரிசை நால்வரில் மூவர் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். மழைக்காலப் போட்டியின் முதல் ஆட்டத்தில் அணி தோற்ற தோல்வியைச் சொன்னால் இன்றைக்கும் கோல்கீப்பர் எழுந்து போய்விடுவான். மறுநாளே சங்கச் செயலாளர் பழனியப்பன் கடைக்கு வந்து, தார்ப்பாய் விலை கேட்பது மாதிரி ஆரம்பித்தார்.

"அடுத்த மேட்ச்சுக்குள்ள பின்னால சரி பண்ணிருங்க பாய். இல்லாட்டி கருப்பையாவப் பயிற்சிக்குப் போடலாங்குறாங்க. நான் சொல்லல, கமிட்டி சொல்லுது."

வேறு எவன் பெயரைச் சொல்லியிருந்தாலும் பர்கத்துல்லா இரண்டு நாள் புலம்பிவிட்டு விட்டிருப்பார். கருப்பையா பெயர் என்றதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று சாயங்காலமே வேலையைத் தொடங்கினார். முன்னால் ஆடிக்கொண்டிருந்த ரமேஷ்குமாரைப் பின்னால் இழுத்து நடுவில் நிறுத்தினார். உயரமானவன், தலைக்கு மேலே எதையும் விடமாட்டான். இனி கோல் போட முடியாதே என்று அவன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். குதிரை மாதிரி ஓடுகிற ஜுல்ஃபிகரை இடது ஓரத்தில் போட்டார். உதைத்தால் பந்து அடுத்த தெருவில் விழும் என்பதற்காகக் கமாலை வலது ஓரத்தில் போட்டார். மிஞ்சியிருந்த பழைய ஆள் ஜாபிரை ரமேஷ்குமாருக்குத் துணையாக வைத்தார்.

பிறகு கடையிலிருந்து நைலான் கயிறு கொண்டுவந்து நால்வரையும் இடுப்போடு இடுப்பாகக் கட்டினார். ஒருவன் நகர்ந்தால் நால்வரும் நகர வேண்டும். முதல் நாள் ஜுல்ஃபிகர் ஓடிய ஓட்டத்தில் மற்ற மூவரும் சேற்றில் குப்புற விழுந்தார்கள். ஒரு வாரத்தில் விழுவது நின்றது. கயிற்றை அவிழ்த்த பிறகும் இடைவெளி குலையாமல் ஓடினார்கள். அதுவரை எல்லாம் சரிதான். அந்தப் பெருமையை யாரும் அவரிடமிருந்து பிடுங்க முடியாது.

கோளாறு சத்தத்தில் இருந்தது. இவரும் கருப்பையாவும் ஆடிய காலத்தில் பின்வரிசை தமிழில்தான் கத்தும். 'ஏறு' என்றால் நால்வரும் ஒன்றாக முன்னால் ஏற வேண்டும், எதிராளி ஆஃப்சைடில் மாட்டிக்கொள்வான். 'எறங்கு' என்றால் கோலை நோக்கிப் பின்வாங்க வேண்டும். எதிராளிக்கு ஒன்றும் விளங்காது, முழிப்பான். அதுதான் சங்கத்தின் ரகசிய ஆயுதம் என்று பர்கத்துல்லாவுக்குத் தலைகால் தெரியாத பெருமை. ஆனால் இந்தப் பையன்களுக்கு ரத்தத்தில் இருக்கிற தமிழ் நாக்கில் இல்லை. வீட்டில் அம்மா கூப்பிட்டால் புரியும், அவ்வளவுதான். 'ஏறு' என்ற சத்தம் காதில் விழுந்து, மண்டைக்குள் பர்மா பாஷையாக மாறி, அப்புறம்தான் காலுக்குப் போகும். அதற்குள் எதிராளி தாண்டிப் போயிருப்பான்.

இது பர்கத்துல்லாவுக்குப் புரியவில்லை. பையன்கள் சோம்பேறிகள் என்று நினைத்து இன்னும் சத்தமாகத் தமிழில் கத்தினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கருப்பையா தன் தொழிற்சாலை அணியைப் பயிற்சி ஆட்டத்துக்கு அழைத்து வந்தான். உதவி என்று சொன்னான். வேவு பார்க்க வந்திருக்கிறான் என்றே இவர் நினைத்தார். ஆட்டத்தில் 'ஏறு' என்றபோதெல்லாம் ஒருவன் பிந்தினான், பந்து உள்ளே போனது. முடிந்ததும் கருப்பையா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு பையன்களிடம் போய் நின்றான். இவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, அவிழாத ஷூ கயிற்றை அவிழ்ப்பதுபோல் காதைத் தீட்டிக்கொண்டார்.

"நீங்க ஒங்களுக்குள்ள சண்ட போட்டா எந்த பாஷையில போடுவீங்க?" என்று கேட்டான் கருப்பையா.

பையன்கள் சிரித்தார்கள். "பர்மாலதான், ஊலே."

"அப்ப அதுலயே கத்துங்க."

"எதிராளிக்கு வெளங்கிருமே?" என்றான் ரமேஷ்குமார்.

"வெளங்கட்டும். அவனுக்கு வெளங்குறதுக்குள்ள நீங்க ஏறிருப்பீங்க."

சும்மா ஒரு தடவை செய்து பார்த்தார்கள். ரமேஷ்குமார் 'தெத்' என்று கத்தினான். ஏறு என்பதற்குப் பர்மா வார்த்தை. நால்வரும் ஒரே ஆள் மாதிரி ஏறினார்கள். 'சின்' என்றான், ஒரே ஆள் மாதிரி இறங்கினார்கள். பர்கத்துல்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது போதாதென்று ஜுல்ஃபிகர் கருப்பையாவைப் பார்த்து, "சரி சயா" என்றான். அவன் யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்தது. ஆனால் பர்கத்துல்லாவுக்கு யாரோ தன் சட்டையைக் கழற்றி அவனுக்கு மாட்டிவிட்ட மாதிரி இருந்தது.

வீட்டில் மனைவி நூர் பீவியிடம் கொட்டினார்.

"அந்தண்ணன் நல்லதுதான சொல்லிருக்காரு?" என்றாள்.

"நல்லதுதான். அதான் வவுறு எரியிது."

"எரியட்டும். பசங்கள அதுல போட்டு வேக வச்சிராதீங்க."

அவர் கேட்கவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் நால்வரையும் வரிசையாக நிறுத்தி, "இது நம்ம சங்கம். கத்துறது தமிழ்லதான்" என்று சொல்லிவிட்டார். பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் பாதியில் அதே 'ஏறு', அதே பிந்தல், ஒரு கோல் விழுந்தது. கமிட்டிக்காரர்கள் குடைக்குள் தலையை விட்டுக்கொண்டு குசுகுசுத்தார்கள். அவர்கள் பக்கத்தில் கருப்பையா நின்றிருந்தான்.

இடைவேளையில் பர்கத்துல்லா மழையில் நனைந்தபடி யோசித்தார். தமிழில் கத்தித் தோற்றால் பதவி கருப்பையாவுக்கு. பர்மா பாஷையில் கத்தி ஜெயித்தால் ஆட்டம் கருப்பையாவுடையது. எப்படிப் பார்த்தாலும் அவன்தான். அழாத குறையாகப் பையன்களிடம் வந்தார்.

"ஒங்களுக்கு எது வருதோ அதுலயே கத்துங்க," என்றார்.

இரண்டாம் பாதியில் அந்த வரிசையைத் தாண்டி ஒரு பந்தும் போகவில்லை. எதிராளிகளுக்கு ஒவ்வொரு சத்தமும் புரிந்தது, புரிந்தும் திரும்பத் திரும்ப ஆஃப்சைடில் மாட்டினார்கள். கார்னர் பந்துக்கு முன்னால் ஓடிப்போன ரமேஷ்குமார் தலையால் ஒன்று போட்டான். கடைசியில் கமால் பின்னாலிருந்து உதைத்த பந்து எதிராளியின் கீப்பர் கையில் வழுக்கி உள்ளே விழுந்தது.

அந்த வாரமே சங்கக் கூட்டம். எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருக்கும், பதவி போய்விட்டது என்றே பர்கத்துல்லா நினைத்துப் போனார். பழனியப்பன் எழுந்தார்.

"கருப்பையாட்டக் கேட்டோம். அவரு ஒண்ணு சொன்னாரு. பர்மாவுல கத்தச் சொல்லிக் குடுக்குற யோசனையே பர்கத்து பாயோடதாம். தான் சொன்னா பசங்க நம்ம பாஷைய வுட்டுட்டாருன்னு நெனப்பாங்கன்னு, கருப்பையா வாயால சொல்ல வச்சிருக்காரு. அப்பேர்ப்பட்ட ஆள மாத்துறதான்னு கேக்குறாரு."

முழுப் பொய். பர்கத்துல்லா கருப்பையாவைப் பார்த்தார். அவன் மேலே ஓடாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதவியை எடுத்துக்கொண்டிருந்தாலாவது நிம்மதியாக அவனை வெறுத்திருக்கலாம். இப்போது அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டான். கொடுப்பதிலும் அவனே மேலே நிற்கிறான் என்ற எரிச்சலில் இவருக்குக் காது சூடேறியது.

'நான் சொல்லவில்லை, அவன்தான் சொன்னான்.' அதைச் சொன்னால் போதும். எழுந்தார். பையன்கள் நால்வரும் அதற்காகத்தான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாம் பசங்க ஒழைப்புதான்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நால்வரும் தரையைப் பார்த்தார்கள். கூட்டம் கை தட்டியது.

வீட்டுக்கு வந்ததும் நூர் பீவி தட்டை வைத்துக்கொண்டே கேட்டாள். "பதவி ஒங்களுக்கேவா? நல்லதாப் போச்சு. கருப்பையாண்ணன் பேர எல்லார் முன்னாலயும் சொன்னீங்கல்ல?"

"சொன்னேன்," என்றார் பர்கத்துல்லா. "அவன்தான் மொதல்ல கை தட்டுனான்."