மூன்று முறை பிறந்த மகள்

ஒரே பிரசவத்தில் எனக்கு மூன்று பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக ஒரு மதியம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை. வந்த செய்திகளைக் கூட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

எண்பதுகளின் தொடக்கம். மலைத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் இலை உலர்த்தும் அடுப்பு என் பொறுப்பு. மாற்று ஆள் மதியத்துக்கு மேல்தான் வருவான். அதுவரை நெருப்பை விட்டு நகர முடியாது. முதல் பிரசவத்துக்கு மனைவியைக் கீழே தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்து, அவள் அக்காவைத் துணைக்கு விட்டுவிட்டு வந்திருந்தேன்.

"பொறந்ததும் உங்க ஆபீசுக்குப் போன் அடிக்கிறேன் தம்பி" என்றிருந்தார் அக்கா. ஆனால் மழையில் மரம் சாய்ந்து தொலைபேசிக் கம்பி அறுந்து கிடந்தது. அடித்துப் பார்த்து லைன் கிடைக்காத அக்கா, மேலே தோட்டப் பக்கம் வருகிறவர்களைப் பிடித்துச் சேதி சொல்லிவிட ஆரம்பித்திருக்கிறார்.

காலையில் ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். "தம்பி, பொண்ணு பொறந்திருக்காம். தாயும் புள்ளையும் நல்லாருக்காங்களாம். சொல்லிவிட்டாங்க."

அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். 'சேதி கிடைத்தது' என்று பதில் அனுப்ப வேண்டும் என்பது என் மண்டைக்கு எட்டவே இல்லை.

வெயில் ஏறியபின் கியா பார்ம் காய்கறித் தோட்டங்களுக்குப் போகும் லோரி வந்து நின்றது. ஓட்டுநர் என் கூட்டாளி.

"மச்சான், பொண்ணுலா."

"தெரியும். காலையிலயே பொறந்துருச்சு."

"காலையிலயா? இப்பத்தான்டா ரோட்டுல லோரிய மறிச்சு எங்கிட்டச் சொன்னாங்க."

லோரியை மறித்துச் சொல்கிறார்கள் என்றால் பழைய சேதியா? ஆக, இது இரண்டாவது.

தூள் சலிக்கிறவன் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தான். "ரெட்டையா? ஏணை கட்ட ரெண்டு சாரோங் வேணும். அப்புறம் இடுப்புக்கு நீ எதக் கட்டிக்குவ?"

மதியம் கம்பியை ஒட்டிவிட்டார்கள். கணக்கெழுதும் கிராணியே ஆபீசிலிருந்து இறங்கி வந்தார். "டேய், டவுன்லருந்து போன். உனக்குப் பொண்ணாம். நான் பேசுறதுக்குள்ள லைன் போயிருச்சு."

"இன்னும் பொறக்குதுங்களாய்யா?" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்று. தொழிலாளர் லயத்தில் எங்களுக்கு ஒரே அறை. மனைவிக்கு இரண்டு கை, எனக்கு இரண்டு கை, அதிலும் என்னுடையவை அடுப்பில். மூன்றில் எது மூத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மாற்று ஆள் வரும்வரை விறகைத் தள்ளிக்கொண்டே மூன்று பெயர் யோசித்தேன். இரண்டுக்கு மேல் வரவில்லை.

இணையம் எப்படி வேலை செய்கிறது என்று இப்போது யாராவது கேட்டால் நான் அந்தப் பகலைத்தான் சொல்கிறேன். நாம் அனுப்புவதை அது சின்னச் சின்னத் துண்டாக்கும். ஒவ்வொன்றின் மேலும் போய்ச் சேர வேண்டிய விலாசமும் ஓர் எண்ணும் இருக்கும். கம்பி அறுந்த வழியை விட்டுவிட்டு, கிடைக்கிற வேறு வழியில் துண்டுகள் போகும். வழியில் இருக்கும் இயந்திரங்களுக்கு முழுச் சேதியும் தெரிய வேண்டியதில்லை. ரொட்டிக்காரருக்குத் தோட்டத்துக்கு வழி தெரிந்தது போல, அடுத்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரிந்தால் போதும். 'கிடைத்தது' என்று பதில் வராவிட்டால் அனுப்பிய இயந்திரம் அதே துண்டை மறுபடி அனுப்பும். வாங்குகிற இயந்திரம் எண்ணைப் பார்க்கும். ஒரே எண் இரண்டாம் முறை வந்திருந்தால் தூக்கிப் போட்டுவிடும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டே போகாது.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் தொட்டில்களைத்தான் முதலில் எண்ணினேன். அக்கா கோபமாக இருந்தார்.

"தெரிஞ்சிருச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிவிடக் கூடாதா தம்பி? உங்களுக்குச் சேதி வந்துச்சோ இல்லியோன்னு, போறவன் வர்றவன்கிட்டல்லாம் சொல்லிவிட்டேன்."

"மத்த ரெண்டும் எங்க?" என்று கேட்டேன்.

மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில், துணியில் சுற்றி, ஒரு பெண் குழந்தை. அன்று விடியற்காலையில் பிறந்தது அந்த ஒன்றுதான்.