அக்கா வைத்த சந்தனம்

சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தாலே எனக்கு ஒரு குழாய்தான் கண்முன் வரும். சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத, இறக்கைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்த குழாய். அறுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டிப் பக்கம், வயல்களுக்கு மருந்து தெளிக்கும் சின்ன விமானம் செய்ய ஒரு கம்பெனி வந்தது. வந்த சுவடு தெரியாமல் போயும் விட்டது. இன்று அங்கே வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் சொன்னால், "இங்கயா, ஏரோப்ளேனா?" என்று சிரிக்கிறார்கள்.

இறக்கை மரச்சட்டம், அதன்மேல் துணியை இழுத்துத் தைக்க வேண்டும். அதற்காகப் பழவேற்காட்டுப் பக்கம் வலை பின்னிப் பழகிய பெண்களை எடுத்தார்கள். என் அக்காவும் நானும் அப்படித்தான் போனோம். துணி விறைக்கப் பூசும் பசையின் நெடியில் எங்களுக்குத் தலை சுற்றும். விமானத்தை ஓட்டிப் பார்க்க வந்திருந்த பைலட் சார் அங்கேயே உட்கார்ந்து டீ குடிப்பார். அக்கா போடும் முடிச்சில்தான் தன் உயிர் இருக்கிறது என்று கேலி செய்வார். அக்காவுக்கு அவர்மேல் கூடப்பிறந்தவனிடம் வைக்கிற பாசம்.

முதல் விமானம் தயாரானது. அதிகாரிகள் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் கம்பெனி பிழைக்கும். எங்கள் ஊரில் புதுப் படகை இறக்கும் முன், முதலில் அலையைத் தொடுகிற மூக்கில் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். விமானத்தில் முதலில் காற்றைத் தொடுவது எது என்று அக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அந்தக் குழாய்தான். அதன் நுனியில் சந்தனத்தைக் கெட்டியாக அப்பினாள். தூரத்தில் அதிகாரிகளோடு நின்ற பைலட் சார் அவள் கையில் கிண்ணத்தைப் பார்த்து, "நல்லா வையிங்கம்மா, அது உங்க வீட்டுப் புள்ள" என்றார்.

அந்தக் குழாய்க்குள் காற்று புகுந்தால்தான் வேகம் காட்டும் முள் அசையும் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஏறும்போது நன்றாகத்தான் ஏறியது, கைதட்டினோம். திரும்பி இறங்கும்போது வேகம் எவ்வளவு குறைந்துவிட்டது என்று அவருக்குத் தெரியவில்லை. வேகம் போதாமல் விமானம் எங்கள் கண்ணெதிரே நெல்வயலில் குப்புற விழுந்தது. அவர் பிழைக்கவில்லை. எங்கள் தையல் ஓரிடத்தில்கூடப் பிரியவில்லை.

விசாரணைக்கு வந்தவர் குழாயில் காய்ந்திருந்த சந்தனத்தைக் காட்டி, யார் வேலை என்று கேட்டார். அக்கா முன்னால் போனாள். "நான்தான் சார் வச்சேன். என்னப் புட்ச்சிக்கினு போங்க."

யாரும் பிடிக்கவில்லை. ஏறும் முன் குழாயைப் பார்ப்பது ஓட்டுபவர் பொறுப்பு என்று முடித்தார்கள். பழி முழுவதும் செத்தவர் தலையில் விழுந்தது. அந்த அதிகாரிகளை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. கம்பெனியைப் பூட்டினார்கள்.

விமானம் விழுந்த அன்று அழித்த பொட்டை அக்கா மறுபடி வைக்கவே இல்லை. புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்க வெறும் நெற்றியோடு திரிகிறாளே என்று ஊர் வாய்க்கு வந்தபடி பேசியது. கல்யாணங்களுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அவள் புருஷன், என் மாமா, கெஞ்சினார், சண்டை போட்டார், பிறகு விட்டுவிட்டார்.

போன மாதம் அக்கா செத்துப்போனாள். சுமங்கலியாகப் போகிறவளுக்கு இன்றைக்காவது பொட்டு வைக்கலாம் என்று பெண்கள் சந்தனக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்தார்கள். எனக்கும் ஆசைதான். விரலில் தொட்டு அவள் நெற்றிக்குக் கொண்டுபோனேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாணாம்மா. இத்தினி வருசம் அந்த மனுசனுக்காக வெறும் நெத்தியா இருந்தா. அப்பிடியே போவட்டும்."

அவளைத் தூக்கிக்கொண்டு போனபோது என் விரலில் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது.